காப்புக் கட்டியவரின் நெஞ்சுச் சூடு

குழந்தையின் பாதத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். மண்பானைத் தண்ணீரைத் தொட்டதுபோல இருந்தது.

அக்குளில் தெர்மாமீட்டரைச் சொருகி, என் விரல் பருமனே இருந்த அந்தக் கையை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் கொடுத்தது. முப்பத்து நான்கு புள்ளி ஒன்பது. பிறந்த பிள்ளைக்கு முப்பத்தாறரையாவது இருக்க வேண்டும். ஒன்றரை டிகிரி சொச்சம்தானே குறைவு என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். இத்துனூண்டு பிள்ளைக்கு அது பெரிய இறக்கம். இன்னும் இரண்டு டிகிரி இறங்கினால் மூச்சே நின்றுவிடலாம்.

அது அழவில்லை. எனக்கு அதுதான் பயம். குளிர்ந்த பிள்ளை முதலில் அழும், கையைக் காலை இழுக்கும். அதற்குத் தெம்பு தீர்ந்ததும் நல்ல பிள்ளையாகச் சும்மா கிடக்கும். சுற்றி நிற்பவர்கள் தூங்குகிறது என்று நினைப்பார்கள்.

வெளியே ஆலங்கட்டி விழுந்து சைக்கிள் ஷெட் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. பகல் நாலு மணிக்கு அறை இருட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் பிள்ளையின் தகப்பன் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றான். கூப்பிடு தூரம்தான். ஆனால் அவன் உள்ளே வரக் கூடாது.

மே மாதத்துக் குளிர்

அப்போது நான் சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில் ஊரைத் தாண்டியிருந்த ஒரு சின்ன நர்சிங்ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை, அந்த இடத்தில் டைல்ஸ் கடை இருக்கிறது. வருஷத்தைக் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. கொரோனா ஓய்ந்து, மாஸ்க் எல்லார் பையிலும் கசங்கிக் கிடந்த காலம். டாக்டரம்மா ஒருவர், நான் ஒருத்தி, ஆயா ஒருத்தி. இன்னொரு சிஸ்டர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள்.

அக்னி நட்சத்திரம். காலையிலேயே தார் ரோடு செருப்போடு ஒட்டியது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோமதி என்ற பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முதல் பிரசவம். எட்டாம் மாதம்தான் நடக்கிறது, பனிக்குடம் உடைந்துவிட்டது. தாய் இல்லாத பெண். கூட வந்தவள் புருஷனின் அக்கா, பெயர் சண்முகத்தாய்.

புருஷன் வேல்ச்சாமி விசைத்தறியில் சேலை நெய்கிறவன். பைக்கில் பின்னாலேயே வந்தான், ஆனால் கேட்டுக்குள் நுழையவில்லை. சட்டை இல்லை. மஞ்சள் வேட்டி, தோளில் துண்டு. ஆம்பளைகள் பிரசவத்துக்கு வந்து வெளியே நிற்பது நமக்குப் புதுசா என்ன, நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

திருநெல்வேலிக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். போனை வைப்பதற்குள் தலை தெரிந்துவிட்டது. பெண் குழந்தை. எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

இங்கே என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மாவுக்கு வேர்த்து ஒழுகியது என்று பிரசவ அறை ஏசியைப் பதினெட்டில் வைத்தவள் நான்தான். குறைமாதப் பிள்ளை வருகிறது என்று தெரிந்தும் அதைக் கூட்டி வைக்க மறந்தேன். முப்பத்தேழு டிகிரி வயிற்றிலிருந்து பதினெட்டு டிகிரி அறைக்கு, ஈரத்தோடு, ஒரு துணிகூட இல்லாமல் அது வந்து விழுந்தது. இதை மறைத்துவிட்டு அடுத்தவர் பிழையைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

துடைத்து வார்மரில் போட்டேன். மேலே கம்பி சிவந்து நிற்கும், வெயில்போலச் சூடு கீழே கிடக்கும் பிள்ளைமேல் விழும். அதுதான் வார்மர். பிள்ளை மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் கோமதிக்கு ரத்தப்போக்கு. ஆயாவை ஆட்டோவில் ஏற்றி டவுனுக்கு ரத்தம் வாங்க அனுப்பினோம். அவள் போய்ப் பத்து நிமிஷம் இருக்காது, மேற்கே மலைப் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு காற்று வந்தது. கரண்ட் போயிற்று.

இன்வெர்ட்டர் நாலு லைட்டை ஏற்றியது. வார்மரை ஏற்ற அதற்குத் திராணி இல்லை. ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. பேட்டரி இறங்கி ஒரு வாரமாகியிருந்தது. ஆம்புலன்ஸுக்கு மறுபடி போன் போட்டால், வழியில் புளியமரம் சாய்ந்து கிடக்கிறது, வெட்டினால்தான் வர முடியும் என்றார்கள்.

டேங்க் தண்ணீர்

டாக்டரம்மா கோமதியின் கர்ப்பப்பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தால் ரத்தம் கொட்டும். ஊசி போட, மருந்து ஏற்ற நான் வேண்டும். பிள்ளையை இரண்டு டவலில் சுற்றி, அறைக்கு வெளியே நடையில் நின்ற சண்முகத்தாய் கையில் கொடுத்தேன். பிரிக்காதீங்க, இப்படியே அணைச்சு வச்சிருங்க என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். சண்முகத்தாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை துணியில்லாமல் கிடந்தது. முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. மழைக்காற்று நேரே அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒடம்பெல்லாம் மாவு மாதிரி அப்பிக் கெடந்துச்சு சிஸ்டர். அதான் கழுவி விட்டேன். பச்சத்தண்ணி இல்ல, பைப்புல வெந்நியால்லா வருது" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. மே மாதம் எங்கள் ஊரில் மொட்டைமாடி டேங்க் தண்ணீருக்கு அடுப்பே வேண்டாம். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குளிப்பாட்டியிருக்கிறாள். வெக்கையில் பிறந்த பிள்ளைக்குக் காற்றாடட்டும் என்று ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறாள். வேறு ஊர்க்காரி, வேறு மாதத்தில் இந்தக் காரியத்தைச் செய்திருக்கவே மாட்டாள்.

அந்தத் தண்ணீர் சுட்டது உண்மை. ஆனால் அது பிள்ளைக்குச் சூடு கொடுக்கவில்லை. தோலில் படிந்து காற்றில் காய்ந்தது. காய்வதற்கு வேண்டிய சூட்டைப் பிள்ளையிடமிருந்தே உறிஞ்சிக்கொண்டது. ஈரத்துணி சுற்றிய பானை குளிர்வது இப்படித்தான். மேலே இருந்த அந்த வெள்ளை மாவும் தோலுக்கு ஒரு காப்பு. அதையும் தேய்த்துக் கழுவியாகிவிட்டது.

நான் கத்திய கத்தல் அறைக்குள் டாக்டரம்மாவுக்குக் கேட்டிருக்கும். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பதினெட்டில் ஏசி வைத்தவள், வெந்நீரில் குளிப்பாட்டியவளைத் திட்டுகிறாள்.

துடைத்தேன், ஜன்னலைச் சாத்தினேன், தெர்மாமீட்டரை வைத்தேன். அப்போதுதான் அந்த முப்பத்து நான்கு புள்ளி ஒன்பது.

பாட்டில் செய்த காரியம்

எங்கள் பக்கத்தில் எல்லா வியாதிக்கும் சூடுதான் காரணம். கண்ணில் கட்டி வந்தால் சூடு. நீர்க்கடுப்பா, சூடு. பிள்ளை பால் குடிக்கவில்லையா, தாய்க்குச் சூடு. மருமகளுக்குக் கோபம் வந்தாலும் சூடுதான், தலையில் எண்ணெய் வைக்கச் சொல்வார்கள். முப்பது வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே தலை சூடாகிவிட்டது. ஆனால் ஒரு பொருள் எவ்வளவு சுடுகிறது என்பது ஒரு சங்கதி, அதனிடம் கொடுப்பதற்கு எவ்வளவு சூடு இருக்கிறது என்பது வேறு சங்கதி. அது எனக்குப் படிக்கிற காலத்தில் பாடப் புத்தகத்தில் புரியவில்லை. ஒரு பிள்ளையின் தொடையில் புரிந்தது.

பயிற்சியில் இருந்தபோது, இதேபோல் ஒரு குளிர்ந்த குழந்தை. காலி குளுக்கோஸ் பாட்டிலில் வெந்நீரை ஊற்றி, துணி சுற்றி, அதன் பக்கத்தில் வைத்தேன். அப்போது எல்லாரும் செய்கிற காரியம்தான். துணி விலகியதை நான் பார்க்கவில்லை. பாட்டில் பட்ட இடம் கொப்பளித்துவிட்டது.

அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. முக்கால் மணி நேரத்தில் பாட்டில் ஆறிப்போயிருந்தது. ஆறிய பிறகும் அது பிள்ளையோடு ஒட்டித்தான் கிடந்தது. சூடு எப்போதும் மிஞ்சின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும், அதற்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. முதலில் பிள்ளையைச் சுட்ட பாட்டில், அப்புறம் பிள்ளையிடமிருந்தே சூட்டை வாங்கத் தொடங்கியிருந்தது. தெர்மாமீட்டரில் முன்னைவிடக் குறைவு.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதன் தாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தொடையைத் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் இவ்வளவு வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

அதனால் சண்முகத்தாய், எதிர் டீக்கடையில் வெந்நி வாங்கி பாட்டிலில் ஊற்றிப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டபோது, நான் வேண்டாம் என்று சொன்ன வேகத்தில் அவள் பின்னால் போய்விட்டாள். கொதிக்கிற பாட்டில் எனக்கு வேண்டாம். சுடவும் கூடாது, ஆறவும் கூடாது. அப்படி ஒன்று இருக்கிறது. மனுஷ உடம்பு.

சிவப்புக் காவி

என் கோட்டை விலக்கி, ரவிக்கை ஊக்கைக் கழற்றி, பிள்ளையை வெறும் உடம்போடு என் நெஞ்சில் கிடத்திச் சேலையால் மூடிக்கொண்டேன். ஐஸ் கட்டியை வைத்த மாதிரி எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. சூடு என்னிடமிருந்து அதற்குப் போவது எனக்கே தெரிந்தது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம்.

"சிஸ்டர், இன்னொரு டிரிப் லைன் போடணும். உடனே வாங்க." டாக்டரம்மா குரலை உயர்த்தாதவர். அன்று அந்தக் குரல் நடுங்கியது.

உள்ளே ஒரு தாய், வெளியே ஒரு பிள்ளை, எனக்கு இரண்டு கைதான்.

சண்முகத்தாய் புரிந்துகொண்டாள். நான் வச்சுக்கிடுதேன் என்று அவளாகவே ரவிக்கை ஊக்கைக் கழற்றினாள். இடது மார்புக்கு மேலேயிருந்து அக்குள் வரைக்கும் செக்கச்செவேல் என்று காவி பூசியிருந்தது. காவிக்கு அடியில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். அக்கி. பானை செய்கிறவர் வீட்டில் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். சூட்டுக்கு வந்தது சிஸ்டர், இன்னும் ரெண்டு நாள்ல காஞ்சிரும் என்றாள்.

அந்தக் கொப்புளத்து நீர் பட்டால் இந்தப் பிள்ளைக்கு அம்மை வரும். வந்தால் தாங்காது. கூடாது என்று தலையை ஆட்டினேன். அவள் ஊக்கை மாட்டிக்கொண்டு, மாட்டிய கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். சற்று முன் நான் கத்தியபோதுகூட அழாதவள், அப்போது அழுதாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஓர் உடம்பு.

வேப்பமரத்தடி

கேட்டில் நின்று, தம்பி உள்ள வா என்று கத்தினேன். வேல்ச்சாமி அசையவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் மஞ்சள் கிழங்குத் துண்டு. காப்பு.

அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அவன்தான் சாமியாடி. அவன் அப்பாவுக்குப் பிறகு அவன். காப்புக் கட்டின ஆள் வீட்டில் பிள்ளை பிறந்தால், கொடை முடிந்து காப்பை அவிழ்க்கிற வரைக்கும் அதைப் பார்க்கவும் கூடாது, தொடவும் கூடாது. அப்படி இருந்தால் தீட்டு ஒட்டாது என்பது அந்தக் கோயில் வழக்கம்.

சண்முகத்தாய் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏலே வேலு, வராத. அங்கனயே நில்லு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "போன வருசம் இவளுக்கு ஒண்ணு வயித்துலயே கலைஞ்சிட்டு சிஸ்டர். அம்மனுக்கு நேந்துக்கிட்டுத்தான் இது நின்னுச்சு. இப்ப காப்ப மீறித் தொட்டான்னா, குடுத்தவளே எடுத்துக்கிடுவா."

எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் நின்றேன், அவளும் அதற்குத்தான் நின்றாள். எனக்கும் அம்மன் பயம் உண்டு. எந்தக் கோயில் வாசலையும் செருப்போடு தாண்டிப் பழக்கமில்லை. அந்த நேரத்தில் சாமி இல்லை பூதம் இல்லை என்று பேசுகிற துணிச்சலோ நேரமோ எனக்கு இல்லை. என் மார்போடு ஒட்டிக் கிடந்த பிள்ளை மூச்சு விடுவது நின்று நின்று வந்தது.

வேல்ச்சாமி ரோட்டின் பாதி வரைக்கும் வந்தான். "நான் தொட்டா பொழைச்சுக்கிடுமா சிஸ்டர்?"

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "தெரியாது தம்பி. ஆனா ஆளு இல்லாம இப்படியே கெடந்தா பொழைக்காது. அது தெரியும்" என்றேன்.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள், வேண்டாம் வேண்டாம் என்று. மழை அவன் முகத்தில் வழிந்தது.

"அம்மங்கிட்ட நான் பேசிக்கிடுதேன்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தான்.

கொடுத்தவனுக்குக் குறையவில்லை

அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. அவன் நனைந்திருந்தான். ஈர நெஞ்சும் ஈரத் துணியும் ஒன்றுதான், சூட்டைத் தின்னும். டவலால் தோல் சிவக்கத் துடைத்தேன். இரும்பு நாற்காலியில் உட்காரப் போனவனைத் தடுத்து, மெத்தைக் கட்டிலில் சாய்த்தேன். பிள்ளையைக் குப்புற அவன் நெஞ்சின் நடுவில் வைத்து, தலைக்குக் குல்லா போட்டு, உலர்ந்த சேலை ஒன்றால் இருவரையும் சேர்த்துச் சுற்றி, மேலே கம்பளி. அவன் வலது கையை எடுத்துப் பிள்ளையின் முதுகுக்குத் தாங்கலாக வைத்தேன்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மூச்சு விடுய்யா, நெஞ்சு ஏறி இறங்கினா அதுக்கும் நல்லது என்றேன்.

லைனைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் ஓடி வந்து பார்த்தேன். முப்பத்து நான்கு புள்ளி ஏழு. குறைந்திருந்தது. சண்முகத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன். துடைக்கிற நேரத்தில் இறங்கியது, தோல் சூடாகி, அந்தச் சூடு உள்ளே போய்ச் சேர நேரம் எடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி பிரசவ அறைக்கு ஓடினேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கொடையில் மஞ்சள் நீராட்டு பார்த்திருப்பீர்கள். பானையில் மஞ்சள் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். சாமியாடி கமுகம்பூவை அதில் முக்கி, தலைமேலும் நெஞ்சின்மேலும் விசிறி அடித்துக்கொள்வார். வேல்ச்சாமியும் நாலு வருஷம் அடித்திருக்கிறான். துடைத்தபோது பார்த்தேன், நெஞ்சில் ஒரு வடு இல்லை. அருள் என்பார்கள், நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் கொதிக்கிற தண்ணீரே ஆனாலும், பூவிலிருந்து சிதறுகிற ஒரு துளியிடம் இருக்கிற சூடு கொஞ்சம். பறந்து வருவதற்குள் பாதி ஆறிவிடும். கம்பி மத்தாப்புப் பொறி கையில் பட்டால் சுடாத கதை. அதே பானை கவிழ்ந்தால் தெரியும்.

இப்போது அவன் நெஞ்சு வெறும் முப்பத்தேழு டிகிரி. யாரையும் சுடாது. ஆனால் அந்த அறுபது கிலோ உடம்பு முழுக்க அதே முப்பத்தேழு. எடுக்க எடுக்க உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கும். இதைத்தான் நான் நம்பினேன். நம்பினேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது உள்ளே கைவேலை கொஞ்சம் ஓய்ந்தாலும் தெர்மாமீட்டரைப் பார்க்க ஓடி வந்தேன்.

அடுத்த தடவை முப்பத்து நான்கு புள்ளி ஒன்பது. அதற்கடுத்து முப்பத்தைந்து புள்ளி இரண்டு. மூக்கு நுனியில் நீலம் குறைந்திருந்தது.

எஞ்சூடு குறையுதா சிஸ்டர் என்று கேட்டான் வேல்ச்சாமி. குறைந்தால் பிள்ளைக்குப் போதாமல் போய்விடுமோ என்ற கவலை அவனுக்கு. அவன் அக்குளிலும் வைத்துப் பார்த்தேன். அதே முப்பத்தேழு. கொடுத்தவனுக்கு இம்மி குறையவில்லை. விரதத்தில் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்ட உடம்பு, அதை எரித்து ஈடு கட்டிக்கொண்டிருந்தது.

கத்தரிக்கோல்

ஐந்தேகாலுக்கு ஆயா வந்தாள், தலையில் பாலிதீன் கவர், கையில் ரத்தப் பெட்டி. சாய்ந்த புளியமரத்தில் ஏறி இறங்கி நடந்தே வந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, வெட்டி முடிய இன்னும் நேரமாகும் என்றாள்.

அப்படியென்றால் வேல்ச்சாமி பிள்ளையோடு மரம் வரைக்கும் நடக்க வேண்டும். அங்கிருந்து திருநெல்வேலிக்கு ஒன்றரை மணி நேரம், நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு. வண்டி குலுங்கும், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள், வலது கையை முதுகிலிருந்து எடுக்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டு கம்பளியை இறுக்கப் போனேன்.

அப்போதுதான் பார்த்தோம். அவன் மணிக்கட்டுக் காப்பில் இருந்த மஞ்சள் கிழங்கு பிள்ளையின் முதுகில் பதிந்து ஒரு குழி விழுந்திருந்தது. சுற்றிலும் சிவந்து, மஞ்சள் கறையோடு. தோல் அவ்வளவு மெல்லிசு. ஒன்றரை மணி நேரம் அழுந்தினால் பிய்ந்துவிடும்.

காப்பை அறுக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அவன் கையைத் திருப்பிப் பார்த்தான், கிழங்கை மேல்பக்கமாக நகர்த்தப் பார்த்தான். கயிறு நனைந்து இறுகியிருந்தது, நகரவில்லை.

"சிஸ்டர், கத்தரி இருக்கா?" என்றாள் சண்முகத்தாய்.

கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, மேற்கே அவர்கள் ஊர்ப் பக்கம் பார்த்து ஒரு தடவை கும்பிட்டாள். உதடு அசைந்தது. பிறகு தம்பியின் கையைப் பிடித்து, பிள்ளைமேல் முனை படாமல், அந்தக் கயிற்றைத் தானே நறுக்கினாள். விழுந்த காப்பைத் தரையில் விடாமல் பிடித்து, சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"நான்தான் அறுத்தேன். கேக்கதா இருந்தா எங்கிட்ட கேக்கட்டும்" என்றாள். எங்களிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். முப்பத்தைந்து புள்ளி ஆறு. சண்முகத்தாய் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கிக்குப் பயந்து ஓர் அடி தள்ளியே நடந்து, தூறலில் அவனை மரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

போன்

ஆறு மணிக்குக் கோமதியின் ரத்தம் நின்றது. டாக்டரம்மா சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் விழித்த கோமதி கேட்ட முதல் கேள்வி பிள்ளை எங்கே என்பதுதான். ஒன் வீட்டுக்காரன் நெஞ்சுல கெடக்கு என்றாள் சண்முகத்தாய். கோமதி நம்பவில்லை. காப்புக் கட்டியிருக்காகளே என்றாள். சண்முகத்தாய் முந்தி முடிச்சைத் தூக்கிக் காட்டினாள்.

அந்த வருஷம் கொடையில் அவன் சித்தப்பா மகன் சாமியாடினான். வேல்ச்சாமி கோயில் எல்லைக்கு வெளியே நின்று பார்த்தானாம். ஊரில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்துவிட்டு, இரண்டு கிலோவாக வீட்டுக்கு வந்தது. இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

எனக்கு அந்த நாள் முடிந்தது ஒரு போனில்தான். ஏழரை மணி இருக்கும். இன்னும் கரண்ட் வரவில்லை. நானும் சண்முகத்தாயும் நடையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்ததும் அவள் என் முழங்கையைப் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். வேல்ச்சாமிதான்.

"வாங்கிட்டாங்க சிஸ்டர். முப்பத்தாறு புள்ளி ஆறுன்னு சொன்னாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. அழுதுச்சு. அது போதுமா?"

போதும்யா என்றேன். சண்முகத்தாய் முந்தியால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் போனை வைக்கவில்லை. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவங்க எடுத்ததும் நெஞ்சு சில்லுன்னு ஆயிட்டு சிஸ்டர். இன்னும் அப்படியேதான் இருக்கு."

மழைக் குளிர்தான், துண்டைப் போத்திக்கோ தம்பி என்றேன்.

"போத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான்.